எந்தக் காமிரா? – ஒரு வரலாற்று நோக்கு

பெங்களூர் மாநகரின் தென்பால், ஓசூர்ச் சாலையின் மருங்கே அமைந்த அடுகோடி, பிழைப்பு நாடி வந்த தமிழ் மக்கள் பலருக்கு வாழ்வளித்த இடமாகும். மைக்கோ ஆலையிலும் பிற தொழிலகங்களிலும் உழைத்து ஓய்ந்த முதியோர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்தம் நினைவுகளை அவர்தம் வாய்மொழியாகவே படம்பிடித்துக் காத்தல் வேண்டும் என நம் சங்கத்தில் முடிவு செய்து ஓராண்டு கடந்துவிட்டது. கருவிதான் இன்னும் வந்தபாடில்லை. டிஜிட்டல் சினிமாக் காமிராவே வேண்டும் என்பார் ஒரு சாரார். தொழில்முறைப் புகைப்படக் காமிராவே போதும் என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கு முடிவதற்குள் நம் முதியோருள் இருவர் மறைந்தனர். ஆதலின், வரலாறு இதுபற்றி என்ன கூறுகிறது என்று சற்றே நோக்குவோம்.

தென்னாட்டில் முதன்முதல் கதைப்படம் எடுத்த பெருமை வேலூரிற் பிறந்த ஆர். நடராஜ முதலியாரைச் சாரும். மோட்டார் உதிரிப் பொருள் வாணிகம் செய்து வந்த அவர், ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் படப்பிடிப்பின் நுட்பங்களைக் கற்றார். தஞ்சையைச் சேர்ந்த மூப்பனார் ஒருவரிடமிருந்து வில்லியம்சன் காமிராவையும் படம் அச்சிடும் பொறியையும் ரூ. 1,800 விலைக்கு வாங்கினார் என்பர். சென்னை மில்லர்ஸ் சாலையில் நிலையம் அமைத்து, 1917–18 காலத்தில் 'கீசக வதம்' என்னும் ஊமைப்படத்தை உருவாக்கினார்.

இங்கே நம் நகருக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னையின் வெப்பம் படச்சுருளைக் கழுவுவதற்கு ஏற்றதன்று. சுருளின் மேற்பூச்சு வெப்பத்தில் இளகிக் கெடும். ஆகவே குளிர்ச்சி மிகுந்த பெங்களூரில் கழுவும் கூடத்தை அமைத்தார் முதலியார். தென்னாட்டின் முதற் கதைப்படம் ஒளி பெற்றது நாம் வாழும் இந்நகரத்தில்! கருவி வாங்கியதோடு வேலை முடிந்துவிடாது, அதனைச் சூழ்ந்த ஏற்பாடுகளே பெரிது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆயினும் என்ன பயன்? அப்படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. எடுத்தலினும் அரியது காத்தல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, சினிமாக் காமிராவும் புகைப்படக் காமிராவும் வெவ்வேறு குலத்தவை என நினைப்பது தவறு. ஜெர்மானியப் பொறியாளர் ஆஸ்கார் பார்னாக் என்பார், 35 மில்லிமீட்டர் சினிமாச் சுருளையே பயன்படுத்தி, சினிமாச் சட்டத்தின் 18×24 அளவை இருமடங்காக்கி, 24×36 அளவில் படமெடுக்கும் சிறு காமிராவை முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர்ச் சமைத்தார். அதுவே 1925இல் லைக்கா என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. சினிமாவிடம் புகைப்படம் அன்று கடன் வாங்கிற்று.

அக்கடன் 2008இல் திரும்பத் தரப்பட்டது எனலாம். அவ்வாண்டு வெளிவந்த கேனான் 5டி மார்க் 2 என்னும் புகைப்படக் காமிரா, அதே 24×36 அளவுடைய உணரியைக் கொண்டு உயர்தரச் சலனப்படமும் எடுத்தது. 2010இல் 'ஹவுஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதி முழுவதும் அதனாலேயே படமாக்கப்பட்டது.

தமிழ்த் திரையுலகமும் இவ்விரு வழிகளிலும் நடந்து பார்த்தது. 2009இல் வெளிவந்த 'உன்னைப்போல் ஒருவன்' ரெட் ஒன் என்னும் டிஜிட்டல் சினிமாக் காமிராவால் எடுக்கப்பட்டது. 2012இல் வெளிவந்த பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' படத்தையோ, ஒளிப்பதிவாளர் விஜய் மில்டன் கேனான் 7டி என்னும் புகைப்படக் காமிராவால் எடுத்தார். சிறு கருவி என்று எவரும் இகழவில்லை. அவ்வாண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படம் என்னும் சிறப்பை அது பெற்றது. ஒரு பெண்ணை அவள் அறியாமற் கைப்பேசியில் படம்பிடிக்கும் கொடுமையும் அக்கதையில் இடம்பெறுகிறது. படம்பிடிக்கப்படுவோரின் இசைவு இன்றியமையாதது என்னும் பாடத்தையும் நாம் அதிலிருந்து கொள்ளலாம்.

அங்ஙனமாயின் சினிமாக் காமிரா எதற்கு எனலாம். புகைப்படக் காமிராவின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. 7டி காமிரா ஒரே மூச்சில் ஏறத்தாழ 12 நிமிடமே பதிவு செய்யும். விரைந்து திருப்பினால் தூண்கள் சாய்ந்து தோன்றும். பட்டுச் சேலையின் நுண்கோடுகள் நீரலைபோல் நெளியும். ஒலிப்பதிவு வசதியும் குறைவு. சினிமாக் காமிராவோ நெடுநேரம் ஓயாது இயங்கும். தரமான ஒலிவாங்கிகளை நேரே இணைக்கலாம். ஒளியின் நுண்மைகளை மிகுதியாகப் பதிவு செய்யும். ஆனால் அது தரும் கோப்புகள் பெரியவை. அவற்றைக் காக்க வட்டுகள் பல வேண்டும். கையாளப் பயிற்சியும் வேண்டும். இப்போது வரும் புகைப்படக் காமிராக்கள் பலவற்றில் நேர வரம்பு முதலிய பழைய குறைகள் பெரிதும் நீங்கியுள்ளன என்பதையும் மறத்தலாகாது.

நாம் எடுக்கப்போவது திரையரங்கை நிறைக்கும் படம் அன்று. பத்தடிக்குப் பத்தடி அறையில் அமர்ந்து ஒரு பாட்டி தம் கதையைச் சொல்வார். அவர் முகம் தெளிவாகவும் குரல் பிசிறின்றியும் பதிதல் வேண்டும். ஆண்டு விழாவிற்குப் புகைப்படங்களும் வேண்டும். விரலுக்கேற்ற வீக்கம் என்பது நம் முன்னோர் மொழி. எனவே, நெடுநேரம் பதியவல்ல புகைப்படக் காமிரா ஒன்றை வாங்கி, எஞ்சிய பணத்தை நல்ல ஒலிவாங்கிக்கும், முக்காலிக்கும், ஒவ்வொரு பதிவையும் இரண்டு மூன்று இடங்களில் வைத்துக் காக்கும் வட்டுகளுக்கும் செலவிடுதலே தக்கது என்பது நம் கருத்து. மாறுபட்ட கருத்துடைய அன்பர்கள் தம் கூற்றைப் பொதுக்குழுவில் எடுத்துரைக்கட்டும்; ஆனால் விரைந்து உரைக்கட்டும்.

'கீசக வதம்' பெங்களூரில் ஒளி பெற்றது, காப்பாரின்றி மறைந்தது. அடுகோடியில் வாழும் நம் முதியோரின் சொற்களுக்கும் அந்நிலை நேர விடலாமா? அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் முதற் பதிவேனும் நம் கையில் இருத்தல் வேண்டும்.