மியூனிக்கா, ஆஹனா?

ஜெர்மனியில் எம்.எஸ்சி. படிக்க நினைக்கும் நம் பொறியியல் பட்டதாரிகளின் பட்டியலில் இரண்டு பெயர்கள் பெரும்பாலும் இருக்கும்: மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஆஹன் நகரிலுள்ள ஆர்.டபிள்யூ.டி.எச். முன்னது 1868இல் தொடங்கியது, பின்னது 1870இல். இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள். அண்மைக்காலம் வரை இரண்டிலும் பெரும்பாலான படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. அதனால் இரண்டிலும் இடம் கிடைத்தவர்கள் தரவரிசையைப் பார்த்து மியூனிக் பக்கம் சாய்ந்தார்கள். அந்தக் கணக்கு இனிமேல் செல்லாது.

2024–25 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேரும் மாணவர்களிடம் மியூனிக் கட்டணம் வாங்குகிறது. முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ, படிப்பைப் பொறுத்து. 6,000 என்றால் நான்கு பருவத்துக்கு 24,000 யூரோ. நம் பணத்தில் இருபது லட்சம் ரூபாய்க்கு மேல். கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் உண்டு. ஆனால் அவை கைக்கு வரும் என்று நம்பி வங்கிக் கடனைக் குறைத்துக் கேட்கக் கூடாது. ஆஹனிலோ கல்விக் கட்டணம் இல்லை. பருவத்துக்குச் சுமார் 300 யூரோ மாணவர் பங்களிப்பு கட்டினால் போதும். நாடு முழுவதும் உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் போவதற்கான சீட்டும் அதற்குள் அடக்கம். ஒரு எச்சரிக்கை: ஆஹனின் ஆங்கிலவழிப் படிப்புகள் சில, அதன் துணை அமைப்புகள் வழியே நல்ல கட்டணத்துடன் நடப்பவை. படிப்பின் பெயரை மட்டும் பார்த்து இலவசம் என்று எண்ணிவிட வேண்டாம்.

வாடகையிலும் ஏற்றத்தாழ்வு பெரிது. விசாவுக்காக முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ, காட்ட வேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் தொகை ஒன்றுதான். ஆனால் ஜெர்மனியிலேயே வாடகை மிகுந்த நகரம் மியூனிக். ஆஹன், பெல்ஜியமும் நெதர்லாந்தும் சந்திக்கும் எல்லையோரத்து நடுத்தர ஊர். அதே பணத்தில் அங்கே மூச்சு விட்டு வாழலாம்.

பலரும் கேட்க மறக்கிற கேள்வி தேர்வு விதி பற்றியது. ஊரில் அரியர் வைத்து, பிறகு எழுதி முடித்துப் பழகியவர்களுக்கு ஆஹன் கடினமான இடம். ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவது எழுத்துத் தேர்விலும் தவறினால் வாய்மொழித் தேர்வு ஒன்று கடைசி வாய்ப்பாகக் கிடைப்பதுண்டு. கட்டாயப் பாடத்தில் அதுவும் கைவிட்டால் மாணவர் பதிவு ரத்தாகும். அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடரவும் வழி அடைபடும். மியூனிக்கில் பொதுவாக எத்தனை முறை எழுதினாய் என்று எண்ணுவதில்லை. அங்கே எண்ணப்படுவது காலம்: இந்தப் பருவ முடிவுக்குள் இத்தனை கிரெடிட் சேர்ந்திருக்க வேண்டும் என்று கெடு உண்டு.

கட்டணத்தையும் தேர்வு விதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான வேறுபாடு தெரியும். இன்டர்ன்ஷிப், ஆய்வேடு என்று நான்கு பருவப் படிப்பு ஐந்தாகவும் ஆறாகவும் நீள்வது ஜெர்மனியில் சாதாரணம். மியூனிக்கில் கூடுதலாக ஒரு பருவம் தங்கினால் இன்னொரு 4,000 அல்லது 6,000 யூரோ. ஆஹனில் அதற்கு ஆகும் செலவு மாணவர் பங்களிப்பும் சாப்பாடு, வாடகையும்தான். அங்கே நிதானமாகப் படிக்கலாம், ஆனால் தயாராகாமல் தேர்வு அறைக்குள் போகக் கூடாது. மியூனிக்கில் ஒரு பாடத்தில் சறுக்கினால் எழுந்துகொள்ளலாம், ஆனால் தாமதம் கடனாக ஏறும். கல்விக்கடன் பத்திரத்தில் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கும் வீட்டில், கூடிப்போகும் ஒரு பருவம் என்பது அவர் ஓய்வுபெற்ற பிறகும் நீளும் தவணை.

இனி படிப்பு. எந்திரவியல், உற்பத்தி, வாகனம், உலோகம் என்றால் ஆஹனைத்தான் சொல்வேன். அங்கே 1906இல் தொடங்கிய எந்திரக் கருவி ஆய்வகமான டபிள்யூ.இசட்.எல். போன்ற பெரிய நிறுவனங்கள் தொழிற்சாலைகளோடு சேர்ந்து ஆய்வு செய்கின்றன. மாணவர்களை 'ஹிவி' என்கிற பகுதிநேர உதவியாளராக எடுத்துக்கொள்கின்றன. அரைக்கும் எந்திரத்தில் அதிர்வுமானியை ஒட்டுவது, வெட்டிய உலோகத் துண்டின் பரப்பை நுண்ணோக்கியில் பார்த்து அளவெடுப்பது என்று வேலை சிறியதாகவே இருக்கலாம். ஆனால் ஆய்வேட்டுக்கான தலைப்பு பல நேரம் அந்த மேசையிலிருந்தே கிடைக்கிறது. ஜெர்மன் தபால் நிறுவனத்துக்கு மின்சார வண்டி செய்துகொடுத்த ஸ்ட்ரீட்ஸ்கூட்டர் இந்தப் பல்கலைக்கழகச் சூழலில் 2010இல் பிறந்ததுதான்.

கணினி, ரோபாட்டிக்ஸ், விண்வெளி என்றால் தராசு மியூனிக் பக்கம் இறங்கும். பல்கலைக்கழகத்தின் கார்ஷிங் வளாகத்தில் இறங்கினால் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள், ஐரோப்பிய தெற்கு வானாய்வகத்தின் தலைமையகம், ஆய்வு அணு உலை எல்லாம் நடக்கும் தூரத்தில். பி.எம்.டபிள்யூ., சீமென்ஸ் தலைமையகங்கள் நகருக்குள்ளேயே. செலோனிஸ், இசார் ஏரோஸ்பேஸ் இரண்டையும் தொடங்கியவர்கள் இங்கே படித்த மாணவர்கள். ஆங்கிலவழி முதுகலைகளும் இங்கே ஏராளம். ஆஹனில் ஜெர்மன் தெரிந்தவருக்குத்தான் கதவுகள் அதிகம். வேலை தேடும்போது இரண்டு ஊரிலும் ஜெர்மன் வேண்டும் என்பது வேறு விஷயம். பி1 நிலை வரையாவது ஊரிலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது.

உதவித்தொகை உறுதியானவருக்கும், வீட்டில் பணம் இருப்பவருக்கும் மியூனிக்கை நான் தடுக்க மாட்டேன். கடனை மட்டுமே நம்பிப் போகும் எந்திரவியல் மாணவரிடம், தரவரிசையில் முன்னே இருப்பதற்கு இருபது லட்சம் கொடுக்காதே என்றே சொல்வேன்.

ஆஹனை நினைப்பவர்கள் சீக்கிரமே கிளம்ப வேண்டும். குளிர்காலப் பருவத்துக்கு நம் போன்றவர்களுக்கான முதுகலை விண்ணப்பம் அங்கே பெரும்பாலும் மார்ச் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். மியூனிக்கில் பல படிப்புகளுக்கு மே இறுதி வரை நேரம் உண்டு. கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும், இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமான ஏ.பி.எஸ். சான்றிதழ் வர வாரக்கணக்கில் ஆகும். மதிப்பெண் பட்டியல்களைத் தீபாவளிக்குள் திரட்டிவிட்டால் இரண்டு கதவையும் தட்டலாம்.