ராயக்கோட்டை

கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை வட்டத்தில், ஓசூருக்கும் பாலக்கோட்டுக்கும் இடையில் உள்ள மலைக்கோட்டை ஊர். இன்று வெளியூர் வியாபாரிகளுக்கு இது தக்காளிக்குப் பேர்போன ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலோ, பாராமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதியிலிருந்து மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறும் கணவாயை இந்தக் கோட்டைதான் காத்து நின்றது.

ஆங்கிலேயருக்கும் மைசூரை ஆண்ட திப்பு சுல்தானுக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிய காரன்வாலிஸ் பிரபுவின் படை, தீனியில்லாமல் பின்வாங்கியது. இழுவை மாடுகள் செத்து விழுந்ததால், முற்றுகைப் பீரங்கிகளைத் தாங்களே உடைத்துப்போட்டுவிட்டுத் திரும்பினார்கள். சென்னைப் பக்கமிருந்து அரிசி வந்து சேர வழி திறக்காமல் திப்புவை வெல்ல முடியாது என்பது அப்போது தெளிவாயிற்று. ஜூலையில் ஓசூர் கைக்கு வந்ததும் மேஜர் கௌடி ராயக்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். கீழ்க்கோட்டையை அவர் தாக்கிப் பிடித்தார். மலையுச்சிக் கோட்டை எளிதில் விழக்கூடியதல்ல. ஆனால் கில்லேதார் (கோட்டைத் தலைவர்) நிபந்தனை பேசி அதை ஒப்படைத்துவிட்டார். திப்புவுக்கு இது பேரிழப்பு என்றே சொல்ல வேண்டும். அடுத்த மாதமே ஆம்பூர்ப் பக்கமிருந்து ஆங்கிலேயர் முகாமுக்குப் பெரும் சரக்கு வந்தது: பணம் சுமந்த 100 யானைகள் இரண்டிரண்டாக நடந்துவர, 6,000 எருதுகளின் முதுகில் அரிசி, வண்டி வண்டியாகச் சாராயம். போர் வரலாறுகள் தளபதிகளையே பாடுகின்றன. இந்தப் போரின் போக்கை மாற்றியதில் அந்தப் பொதிமாடுகளுக்கும் பங்குண்டு.

அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டை மீது ஆங்கிலேய அதிகாரி மாக்ஸ்வெல் நடத்திய தாக்குதல் தோற்றது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலோடு ராயக்கோட்டையும் கிழக்கிந்தியக் கும்பினியிடம் போக, ஓசூர் திப்புவிடமே இருந்தது. ஆக, இன்று ஓசூரைத் தாண்டி இருக்கும் கர்நாடக எல்லை அடுத்த ஏழு ஆண்டுகள் ராயக்கோட்டையை ஒட்டியே இருந்தது. கும்பினி வசமான பாராமகாலை அலெக்சாண்டர் ரீட் நிர்வகித்தார்; அவருக்கு உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ.

நான்காம் மைசூர்ப் போரில், 1799-ல், கும்பினியின் ஜெனரல் ஹாரிஸின் படை இக்கோட்டையடியில் கூடாரமடித்துத் தங்கி, மார்ச் மாதம் மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு களத்தில் மாண்டார். எல்லை விலகியதும் ராயக்கோட்டையின் ராணுவ மதிப்பும் குறைந்தது.

மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரை போன குறுகிய ரயில்பாதையில் இவ்வூருக்கும் ஒரு நிலையம் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-ல், அந்தப் பாதை மூடப்பட்டது. இப்போதைய சேலம்–பெங்களூரு ரயில்பாதையும் ராயக்கோட்டை வழியாகவே செல்கிறது. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.