கொடைக்கானல் மேல்மலையில் அறிவியல்முறை முயல் வளர்ப்பு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

புதிய கால்நடையொன்றை ஏற்பதில் மலைமக்கள் காட்டும் தயக்கத்தை அறியாமை என்று கூறிவிடுவது எளிது. கொடைக்கானல் மேல்மலையை முன்வைத்து, அத்தயக்கத்தின் வரலாற்றுக் காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறுவனப் பின்புலம்

மத்தியச் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் 1962இல் இராசத்தான் மாநிலம் அவிகாநகரில் தொடங்கப்பட்டது. அதன் தென்மண்டல மையம் 1965இல் மேல்மலையிலுள்ள மன்னவனூரில் அமைந்தது. செம்மறியாட்டுக்கென அமைந்த இம்மையம் பின்னர் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா ஆகிய இறைச்சி முயல் இனங்களையும் பேணலாயிற்று. எனவே பண்ணை முயல், மலைவாழ்வின் உள்ளிருந்து உருவான கால்நடையன்று. ஆராய்ச்சிக் கூடத்தின் வழியே ஊருக்குள் வந்த உயிராகும்.

பெயர் ஒன்று, உயிர் இரண்டு

தமிழ் மரபில் முயல் வேட்டைக்குரிய விலங்கு. காட்டு முயல்மேல் எய்த அம்பைத் திருக்குறள் (772) சுட்டுகிறது. இன்று அக்காட்டு முயல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. பண்ணை முயலோ வளை தோண்டி வாழும் ஐரோப்பிய முயலின் வழிவந்தது. இவ்விரண்டையும் தமிழ் ஒரே சொல்லால் வழங்குகிறது. காட்டு முயலின் குட்டி மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். பண்ணை முயலின் குட்டி மயிரின்றி, கண் திறவாமல் பிறக்கும். மலைக்குளிரில் ஈனும் பெட்டியும் அதனுள் தாய் பிடுங்கியிடும் மயிரும் இல்லையேல் அக்குட்டி பிழைப்பது அரிது. ஆகவே, வேட்டை வழிவந்த முயலறிவு பண்ணையாளருக்குத் துணைநிற்பதில்லை.

உழைப்பும் சந்தையும்

செம்மறியாடு புல்வெளியில் மேய்ந்து இரை தேடிக்கொள்ளும். கூண்டு முயலுக்குப் பசுந்தீவனத்தை அன்றாடம் அறுத்துவர வேண்டும். அடர்தீவனத்தைப் பெரும்பாலும் விலைக்கு வாங்க வேண்டும். இரத்தக்கழிச்சல், காதுச் சொறி ஆகிய நோய்களுக்கு உரிய காலத்தில் மருந்தும் தேவை. இமாசலப் பிரதேசத்தின் குலு பகுதியில் வளர்க்கப்படும் அங்கோரா முயலின் உரோமத்தைக் கத்தரித்துச் சேமித்து, விலை வரும்வரை காத்திருக்கலாம். இறைச்சி முயலுக்கு அவ்வாய்ப்பில்லை. சுமார் 12 வாரங்களில் அது ஏறத்தாழ 2 கிலோ எடையை எட்டும். அதன்பின் வாங்குவோர் வராத ஒவ்வொரு நாளும் தீவனச் செலவே மிகும். முப்பது நாள் அளவிலான சினைக்காலம் வரவை விரைவுபடுத்துவதுபோலவே, சந்தையில்லாதபோது சுமையையும் விரைவுபடுத்துகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றை நோக்க, தயக்கம் என்பது இழப்பை முன்னறிந்த குடும்பங்களின் கணக்கு எனக் கொள்ளலாம். வழங்கப்பட்ட குட்டிகளின் எண்ணிக்கையை வெற்றியாகக் காட்டும் வழக்கம் அக்கணக்கை மறைக்கிறது. சில ஆண்டுகள் கழித்தும் எத்தனை வீடுகளில் கூண்டு நிறைந்திருக்கிறது என்பதே இனி ஆய்வுக்குரிய வினாவாகும்.