கண்ணீருக்குள் ஒரு கல்!

கல்நெஞ்சுக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணீர்ப் பாதையில் கல்லோடு நடமாடுபவர்களும் நம்மிடையே உண்டு!

கண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதயச் சூட்டில் எழும் ஆவி தலைக்கேறி, கண் வழியே வடிகிறது என்றே பலகாலம் நம்பினார்கள். அதைப் போட்டு உடைத்தவர் டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்டென்சன். 1660-ல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்து எச்சில் குழாயைக் கண்டுபிடித்த இளைஞர். 1662-ல், தனது 24-வது வயதில், 'கண்ணீரைச் சுரப்பது கண்ணருகே உள்ள சுரப்பிதான். அது மூக்குக்குள் வடிகிறது' என்று எழுதினார். அழும்போது மூக்கை உறிஞ்சுகிறோமே, காரணம் இதுதான்!

அதே ஸ்டென்சன் பிறகு கல்லுக்குத் தாவினார். 1669-ல் அவர் எழுதிய புத்தகத்தின் கேள்வி: ஒரு திடப்பொருளுக்குள் இன்னொரு திடப்பொருள் எப்படிப் போய் உட்கார்ந்தது? படிவு மேல் படிவாக என்றார். நவீன மண்ணியலுக்கு அஸ்திவாரம் அது.

அடுத்த வருடமே, 1670-ல், செஸோயின் என்பவர் கண்ணீர்ப் பாதைக் கல்லைப் பற்றி எழுதினார் என்கின்றன கண் மருத்துவ நூல்கள். இந்தக் கல்லும் படிவு மேல் படிவுதான்! உதிர்ந்த செல்கள், சளி, கொழுப்பு, கொஞ்சம் கால்சியம். சிலசமயம் நடுவில் உதிர்ந்த ஓர் இமை முடி!

1850-களில் பெர்லினின் பிரபல கண் டாக்டர் கிரேஃபே, இமையோரக் குழாயில் இப்படிப்பட்ட கட்டிகளைப் பார்த்து, 'பூஞ்சை' என்றார். 1878-ல், அதே பெர்லினில், அறுவை மருத்துவர் ஜேம்ஸ் இஸ்ரேல் மனித உடலில் இதன் உறவுக் கிருமியை விவரித்தார். அதையும் பூஞ்சை என்றே நினைத்தார்கள். உண்மையில் அது பாக்டீரியா! 'ஆக்டினோமைசிஸ் இஸ்ரேலி' என்று அவர் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள். இமையோரக் குழாய்க் கற்களில் முக்கியமான குற்றவாளி இந்த வகைக் கிருமிதான்.

இதெல்லாம் பழங்கதை இல்லை. ஒற்றைக் கண்ணில் மட்டும் ஓயாமல் நீர், பீளை, மூக்கோர இமையில் வீக்கம்... 'மெட்ராஸ் ஐ'தான் என்று மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இருப்பவர்கள் இன்றும் உண்டு. விட்டால் குறையும், நிறுத்தினால் திரும்பும். கல்லுக்குள் பதுங்கிய கிருமியை மருந்து எட்டுவதில்லையே! கல்லை எடுத்தால்தான் விமோசனம்.

ஆக, ஒரு கண் மட்டும் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால், சும்மா துடைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். உள்ளே ஒரு கல் உட்கார்ந்திருக்கலாம்!