முகம் எழுதிய தீர்ப்புகள்

பஸ்ராவில் பிறந்து அங்கேயே ஹிஜ்ரி 255-இல் மறைந்த அம்ர் இப்னு பஹ்ரை இயற்பெயரால் அறிந்தோர் சிலரே. பிதுங்கிய விழியினர் எனப் பொருள்படும் ‘அல்ஜாஹிஸ்’ எனும் பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. ‘கிதாபுல் ஹயவான்’ எனும் பெருநூலை யாத்த இப்பேரறிஞரின் புகழைக் கேள்வியுற்ற அப்பாசியக் கலீஃபா அல்முதவக்கில் (கி.பி. 847–861), தம் மகனுக்கு ஆசிரியராக்கக் கருதி அவரை அழைத்தார். நேரில் கண்டதும் அத்தோற்றம் பிடிக்கவில்லை. பத்தாயிரம் திர்ஹம் கொடுத்து அனுப்பிவிட்டார். இதனை ஜாஹிஸே சொன்னதாக இப்னு கல்லிக்கான் பதிவு செய்கிறார். கலீஃபா கஞ்சத்தனம் காட்டவில்லை என்பது மெய்தான். எனினும் அந்தப் பணம் எதற்கு விலை? ஜாஹிஸின் கல்வியில் யாரும் குறை காணவில்லையே!

அழகிய முகத்தினரிடம் நற்குணமும் இருக்கும் என மனிதர் கருதிக்கொள்வதை, 1972-இல் டயான், பெர்ஷைட், வால்ஸ்டர் எனும் மூன்று அமெரிக்க உளவியலாளர் நிழற்படங்களைக் கொண்டு ஆய்ந்து காட்டினர். ஆயினும் அழகு எப்போதும் ஆதாயமாவதில்லை. நஸ்ர் இப்னு ஹஜ்ஜாஜின் வரலாறு அதற்குச் சான்று.

மதீனாவில் இரவுக் காவலாகச் சுற்றிவந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், பெண்ணொருத்தி அவ்விளைஞரை எண்ணி ஏங்கிப் பாடுவதைச் செவியுற்றார்கள். மறுநாள் அவரை வரவழைத்து, முடியை மழிக்கச் செய்தார்கள். அழகு குறையவில்லை, கூடிற்று. ஈற்றில் அவரைப் பஸ்ராவுக்கு அனுப்பினார்கள். தாம் செய்த குற்றம் யாது என நஸ்ர் கேட்டார். அவரிடம் குற்றமில்லை என்பதைக் கலீஃபா அவர்களே ஒப்புக்கொண்டதாக அறிவிப்புகள் உள்ளன. இப்னு ஸஅத் முதலானோர் எடுத்தெழுதிய இந்நிகழ்ச்சியைத் தண்டனையாகக் கொள்ளாமல், பொதுநலன் கருதிய நிர்வாக நடவடிக்கையாகவே ஃபிக்ஹு அறிஞர் பலர் விளக்கினர். அவ்விளக்கம் ஏற்கத்தக்கதே. ஆனால் ஊரையும் தாயையும் பிரிந்த அந்த இளைஞரின் வினாவை அது முற்றிலும் தீர்த்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட காலத்தவர் மக்காவின் அதா இப்னு அபீ ரபாஹ். கருநிறத்தவர், சப்பை மூக்கினர், ஒரு கண் பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர். ஹஜ்ஜுக் காலத்தில் இவரையன்றி வேறெவரும் ஃபத்வா வழங்கலாகாது என்று உமையா ஆட்சியினர் முரசறையச் செய்தனர். கலீஃபா சுலைமான் இப்னு அப்தில் மலிக் தம் இரு மைந்தருடன் இவரை நாடிவந்து, ஹஜ்ஜின் கிரியைகளைப் பற்றி வினவினார். அதா முகங்கொடுத்துப் பேசவில்லை. திரும்பி அமர்ந்தவாறே விடையளித்தார். வெளியே வந்த கலீஃபா, கல்வியில் அசட்டையாக இருந்துவிடாதீர்கள் என மைந்தரிடம் கூறினாராம். அம்மனிதர் முன் தாம் தாழ்ந்து நின்றதை மறக்கவியலாது என்றும் சொன்னாராம்.