முன்சீப் இருக்கையில் தொடங்கிய நீதியரசர் பாத்திமா பீவி

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் நின்றபோது ஒரு வாப்பா என்னிடம் வந்தார். "ஆலிம்சா, மகளுக்கு லா காலேஜில் இடம் கிடைச்சிருக்கு. ஜட்ஜ் ஆகணும்னு சொல்றா. அமெரிக்காவுல ஜட்ஜுக்கும் எலெக்‌ஷன் நடக்குதாமே, இங்கே எப்படி? அதுக்கெல்லாம் நம்ம வீட்டுப் பொம்பளப் பிள்ளை போகலாமா?" என்று கேட்டார்.

அமெரிக்கா பற்றி அவர் கேள்விப்பட்டது சரிதான். அங்கே பல மாநிலங்களில் விசாரணை நீதிமன்ற நீதிபதிகளை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் முடிந்தால் நீதிபதி மறுபடியும் வாக்காளர் முன் நிற்க வேண்டும். நம் நாட்டில் அப்படி இல்லை. திருச்செந்தூரிலோ தூத்துக்குடியிலோ உரிமையியல் வழக்கை முதலில் கேட்கும் நீதிபதி, அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் போட்டித் தேர்வில் வென்று வருகிறார். அதன்பின் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் பணிபுரிகிறார். நம்மில் சிலர் மாவட்ட காஜியையும் நீதிபதி என்று நினைப்பதுண்டு. 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் அவருக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதையும் தரவில்லை.

அவரது கடைசிக் கேள்விக்குப் பதிலாக மர்ஹூமா பாத்திமா பீவி அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

பாத்திமா பீவி 1927 ஏப்ரல் 30 அன்று பத்தனம்திட்டையில் பிறந்தார். தந்தை மீரா சாஹிப், தாயார் கதீஜா பீவி. நம் கரையிலிருந்து நாகர்கோவில் பக்கம் ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே குடியேறிய ராவுத்தர் சமுதாயக் குடும்பம் அவர்களுடையது. எட்டுப் பிள்ளைகளில் இவரே மூத்தவர். திருவனந்தபுரத்தில் வேதியியல் பட்டம் பெற்று, அதே துறையில் மேலே படிக்க விரும்பினார். அரசு ஊழியரான தந்தைதான் "சட்டம் படி" என்று திருப்பிவிட்டார். அவர் மனதில் இருந்த முன்மாதிரி அன்னா சாண்டி.

அன்னா சாண்டி யார் என்று நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. கேரளத்தில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 1931இல் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபைத் தேர்தலில் நின்றார். ஒரு பெண் வாக்குக் கேட்டு வந்ததைப் பொறுக்காதவர்கள் அவர்மீது அவதூறு பரப்பினார்கள், தோற்றுப்போனார். சோர்ந்துவிடாமல் அடுத்த ஆண்டே சபை உறுப்பினரானார். 1937இல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் முன்சீப் ஆனார். பின்னர் மாவட்ட நீதிபதி, 1959இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. தேர்தல் களத்தையும் நீதிமன்ற இருக்கையையும் அந்தக் காலத்திலேயே கண்டவர். ஒரு கிறிஸ்தவப் பெண்மணியின் உயர்வைப் பார்த்து, தம் மகளையும் அந்த வழியில் அனுப்பலாம் என்று ஒரு முஸ்லிம் தந்தை முடிவெடுத்தார். இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். அந்தத் தந்தை தயங்கியிருந்தால் மற்றது எதுவுமே இல்லை.

1950இல் பார் கவுன்சில் தேர்வில் பாத்திமா பீவி முதலிடம் பெற்றுத் தங்கப் பதக்கம் வாங்கினார். நவம்பர் 14 அன்று வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, கொல்லம் கீழமை நீதிமன்றங்களில் வாதாடத் தொடங்கினார். 1958 மே மாதம் முன்சீப் ஆனார். நீதித்துறையின் அடிப்படி அது. வரப்புத் தகராறு, வீட்டு வாடகை, கடன் பத்திரம், பக்கத்து வீட்டுச் சுவர் என்று மக்களின் அன்றாடச் சண்டைகள் வந்து சேரும் இடம். மேல்முறையீட்டில் நீதிபதி பெரும்பாலும் காகிதத்தைப் பார்க்கிறார். முன்சீப் சாட்சியின் முகத்தைப் பார்க்கிறார். பொய் சொல்லும்போது தடுமாறும் குரலைக் கேட்கிறார்.

அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறினார்: 1968இல் சார்பு நீதிபதி, 1972இல் தலைமை நீதித்துறை நடுவர், 1974இல் மாவட்ட அமர்வு நீதிபதி, 1980இல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாய உறுப்பினர், 1983இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1989 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். அத்துடன் முடிந்தது என்று நினைத்திருந்தால் தவறில்லை. ஆனால் அந்த ஆண்டு அக்டோபர் 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகப் பதவியேற்று, 1992 ஏப்ரல் வரை அங்கே இருந்தார்.

தேர்தலில் ஒருபோதும் நிற்காத அவரை ஒரு தேர்தல்தான் பெரும் சோதனைக்கு உள்ளாக்கியது. 1997 ஜனவரியில் தமிழ்நாட்டின் ஆளுநரானார். 2001 மே மாதம் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. டான்சி வழக்கில் 2000 அக்டோபரில் சிறப்பு நீதிமன்றம் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதித்திருந்தது. உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்ததே தவிர, குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்தவில்லை. நான்கு தொகுதிகளில் அவர் தாக்கல் செய்த மனுக்களும் தள்ளுபடியாயின. ஆனால் 234 இடங்களில் 132ஐ அ.தி.மு.க. தனியாகவே வென்று, அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. மே 14 அன்று ஆளுநர் அவருக்கு முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார்.

பெரும்பான்மை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவரை அழைத்தேன் என்பது ஆளுநரின் நியாயம். சட்டமன்ற உறுப்பினர் அல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்க அரசியல் சட்டத்தின் 164ஆவது பிரிவு இடம் தருகிறது என்பதும் உண்மை. ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைது செய்யப்பட்டதும் நிலைமை மாறியது. ஆளுநரைத் திரும்ப அழைக்குமாறு மத்திய அமைச்சரவை பரிந்துரைக்க முடிவு செய்த நிலையில் பாத்திமா பீவி பதவி விலகினார். செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த நியமனத்தை ரத்து செய்தது. தேர்தலில் நிற்கவே தகுதியில்லாதவரை ஆறு மாதத்துக்குக்கூட முதல்வராக்க முடியாது, வாக்கு பலம் அரசியல் சட்டத்தை மீறாது என்பது அதன் சாரம். (பின்னர் மேல்முறையீட்டில் ஜெயலலிதா விடுதலையானார், அது தனிக் கதை.)

அவர்மீது எனக்குள்ள மரியாதை பெரியது. ஆனாலும் இந்த ஒரு முடிவில் அவர் தவறினார் என்றே கருதுகிறேன். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் எடை என்ன என்பதை, அந்த இருக்கையிலேயே பல ஆண்டுகள் அமர்ந்தவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? அதே சமயம், இந்த ஆறேழு வாரங்களை மட்டும் சொல்லி அவரது முப்பதாண்டு நீதிப்பணியை மறைப்பதும் நீதியல்ல.

பெண் நீதிபதியாகலாமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் கரையோர ஊர்களில் பரவலாக உள்ள ஷாஃபிஈ மத்ஹபும், மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளும் அனுமதிப்பதில்லை. ஹுதூத், கிஸாஸ் தவிர்த்த விவகாரங்களில் ஹனஃபீ மத்ஹபு இடமளிக்கிறது. இமாம் தபரீ பொதுவாகவே அனுமதித்ததாகச் சொல்லப்படுகிறது. அந்த விவாதம் ஷரீஅத் தீர்ப்பு வழங்கும் காழியைப் பற்றியது. வாடகை வழக்கையும் வரப்பு வழக்கையும் நாட்டின் சட்டப்படி தீர்க்கும் அரசுப் பணியை அதோடு அப்படியே பொருத்துவது சரியாகாது என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்துடைய உலமாக்களையும் மதிக்கிறேன்.

2023 நவம்பர் 23 அன்று கொல்லத்தில் அவர் வஃபாத்தானார். வயது 96. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மறு ஆண்டு இந்திய அரசு பத்ம பூஷண் விருதை அவர் மறைவுக்குப் பின் அறிவித்தது.

அந்த வாப்பாவிடம் கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தியையும் சொன்னேன். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற பழைய விதியை மீண்டும் கொண்டுவந்திருக்கிறது. பாத்திமா பீவி முன்சீப் ஆவதற்கு முன் ஏழரை ஆண்டு வாதாடியவர் என்றும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ படிப்பு முடிஞ்சும் மூணு வருஷம் பஸ்ஸுக்குக் காசு நான்தான் கொடுக்கணும்" என்று சிரித்தார்.