செங்கோட்டைக் குரலும் அரக்குத் தட்டும்

இன்று ஒரு ராக் குழு ஆல்பம் போடுவதென்றால் டிரம்ஸ் ஒரு நாள், கிடார் ஒரு நாள், பாட்டு இன்னொரு நாள் என்று தனித்தனியாகப் பதிவு செய்யலாம். பிசகிய வரியை மட்டும் திரும்பப் பாடி ஒட்டிக்கொள்ளலாம். தென்காசிக்குப் பக்கத்தில் செங்கோட்டையில் 1906இல் பிறந்த நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவுக்கு அந்த வசதி கிடையாது. பத்து அங்குல கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம், அதற்குள் முழுப் பாட்டும் முடிந்தாக வேண்டும்.

அந்தத் தட்டின் மூலப்பொருள் அரக்கு. சோட்டா நாக்பூர் பக்கத்துக் காடுகளில் புரச மரக் கிளைகளை மொய்க்கும் சிறு பூச்சிகள் சுரப்பது. அதோடு கல்தூளும் கரிப்பொடியும் கலந்து பிசைவார்கள்.

பதிவறையில் சுழல்வது மெழுகுத் தட்டு. பாடப் பாட ஊசி அதில் கோடு கீறிக்கொண்டே போகும். எப்படி வந்திருக்கிறது என்று போட்டுக் கேட்டால் மெழுகு கெட்டுவிடும். ஆகவே பாடியவரும் வாசித்தவர்களும் நம்பிக்கையோடு விட்டுவிட வேண்டியதுதான். பிசகினால் புது மெழுகில் முதலிலிருந்து பாட வேண்டும். மெழுகின் மேல் உலோகம் பூசி அச்செடுத்து, சூடான அரக்குக் கலவையை அந்த அச்சில் அழுத்தினால் தட்டு தயார். கல்கத்தாவை அடுத்த டம்டமில் 1928 முதல் கிராமபோன் கம்பெனி இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தது.

மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்டப் பாடிப் பழகிய தொண்டை கிட்டப்பாவுடையது. ரசிகர்கள் ‘ஒன்ஸ் மோர்’ கேட்கக் கேட்க நீட்டிப் பாடியவர், தட்டுக்காகச் சுருக்கிப் பாட வேண்டியிருந்தது. தியாகராஜரின் ‘எவரனி’யை அவர் குரலில் கேட்டவர்களுக்கு அந்தச் சுருக்கம் குறையாகத் தோன்றாது. மேல் ஸ்தாயியில் அந்தக் குரல் நிற்கும் நிலை, எத்தனை கரகரப்பையும் தாண்டி வருகிறது.

தட்டுகள் ரயிலேறித் தெற்கே வந்தன. கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து செங்கோட்டைக்கு 1904லேயே பாதை போட்டாகிவிட்டது. ஊர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. வீட்டில் கிராமபோன் பெட்டியைச் சாவி கொடுத்துச் சுற்றி, ஒவ்வொரு பக்கத்துக்கும் புது எஃகு ஊசி மாட்டுவார்கள். தட்டிலுள்ள கல்தூள் ஊசி முனையைத் தேய்த்துப் பள்ளத்துக்குப் பொருத்தமாக்கும். மாற்றாமல் விட்டால் தேய்ந்த ஊசி பாட்டையே அறுத்துவிடும்.

1933 டிசம்பர் 2இல் கிட்டப்பா இறந்தபோது வயது 27. தமிழில் பேசும் படம் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவர் எதிலும் நடிக்கவில்லை. எனவே நமக்கு மிஞ்சியது இந்தத் தட்டுகளில் உள்ள குரல் மட்டுமே.

செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் பக்கத்துப் பழைய வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில் கறுப்புத் தட்டுகள் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சாரல் ஈரத்தில் உறையும் தட்டும் பூஞ்சை பிடிக்கும்; உலர்ந்த மென்துணியால் துடைத்து நிமிர்த்தி வையுங்கள். ஸ்பிரிட் மட்டும் தொடவே வேண்டாம், அரக்கு கரைந்துவிடும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்து வைக்கிறார்கள். ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள்.